சட்டையையும் சூதில் இழந்த புனிதர்

யூபிலி என்னும் சொல் பழைய ஏற்பாட்டிலிருந்து நமக்கு வந்தது. இஸ்ராயேல் மக்களிடையே ஐம்பதாவது ஆண்டு பிறந்ததும் கொம்பு ஊதப்படும். அடிமைப்பட்டவன் தன் வீடு திரும்புவான். கைமாறிப் போன நிலம் பழைய குடும்பத்துக்கே மீளும். லேவியர் ஆகமத்தில் இதைப் படிக்கிறோம். திருச்சபையும் 1300 ஆம் ஆண்டு முதல் யூபிலி ஆண்டுகளைக் கொண்டாடி வருகிறது. அவற்றுள் ஒன்று 1575. அப்போது திருச்சபையை ஆண்டவர் பதின்மூன்றாம் கிரகோரி பாப்பரசர். அந்த ஆண்டில் திரள் திரளாக உரோமைக்கு வந்த யாத்திரிகரிடையே, காலில் ஆறாத புண்ணோடு இருபத்தைந்து வயது நெட்டை மனிதர் ஒருவரும் வந்து சேர்ந்தார். யூபிலியின் பரிபூரண பலனைப் பெறும் ஆசை அவருக்கும் இருந்தது. ஆனால் அவர் முதலில் போய் நின்ற இடம் ஓர் ஆஸ்பத்திரியின் வாசல். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரை வேண்டாம் என்று வெளியே அனுப்பிய அதே ஆஸ்பத்திரி. அவர்தான் கமில்லுஸ் தெ லெல்லிஸ்.

நம் பங்கின் யூபிலி மலருக்கு ஒரு புனிதருடைய சரித்திரம் வேண்டும் என்றதும் நம் எண்ணம் இவரிடமே சென்றது. தொட்டிலிலேயே பக்தர்களாய் விளங்கிய புனிதர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு வணக்கம் செலுத்துகிறோம், அது நியாயமே. ஆனால் வீட்டில் ஒரு மகன் சம்பளப் பணம் முழுவதையும் சீட்டில் தொலைத்துவிட்டு நடுநிசியில் கதவைத் தட்டும்போது, அத்தகைய புனிதர்களிடம் போய் முறையிட நமக்கு நா எழுவதில்லை. கமில்லுஸிடம் முறையிடலாம். கதவுக்கு வெளியே நின்று தட்டியவர் அவர். தட்டிய கதவுகளில் பல திறக்கவும் இல்லை.

இத்தாலி நாட்டில், அந்நாளில் நேப்பிள்ஸ் இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த அப்ருத்ஸி மலைப்பகுதியில் புக்கியானிக்கோ என்று ஓர் ஊர். 1550 ஆம் ஆண்டு மே 25 ஆம் தேதி அங்கே பிறந்தார். தாய் கமில்லா, பேறுகால வயதைக் கடந்தவர் என்று ஊரார் எண்ணியிருந்த சமயத்தில் கருவுற்றதால், அக்கம்பக்கத்தார் அவரைப் புனித எலிசபெத்தம்மாளோடு ஒப்பிட்டுப் பேசினார்களாம். குழந்தை பிறப்பதற்கு முன் அந்தத் தாய் ஒரு கனாக் கண்டதாகப் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். மார்பில் சிலுவை அடையாளம் தரித்த ஒரு சிறுவன் முன்னே நடக்க, அதே அடையாளத்தோடு பலர் அவன் பின்னே வருகிறார்கள். நாம் கேட்டால் இது நல்ல கனா என்போம். அந்தத் தாயோ கலங்கிப் போனார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றவாளிகளின் மார்பில் சிலுவைக் குறி இடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. தம் பிள்ளை கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகிக் குடும்பத்தைக் கெடுப்பான் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சம் நீங்காமலே, பையன் இளைஞனாவதற்கு முன்பே, கண்ணை மூடினார்.

தகப்பன் ஜோவான்னி ஒரு போர்வீரர். எங்கு யுத்தமோ அங்கு அவர். வீட்டில் தங்குவது அபூர்வம். தாயும் போய்த் தகப்பனும் இல்லாத வீட்டில் பையன் தன் மனம்போல வளர்ந்தான். படிப்பு ஏறவில்லை. உடம்பு மட்டும் ஏறியது. ஆறடிக்கு மேல் அரை அடி உயரம் என்கிறார்கள். பகடையும் சீட்டும் கைவந்தன. தகப்பனுக்கும் அந்தப் பழக்கம் உண்டு; பிள்ளைக்கு அவர் விட்டுச் சென்ற சொத்து அதுதான் என்று சொன்னால் மிகையாகாது. துருக்கியருக்கு எதிராக வெனீஸ் குடியரசு படை திரட்டுவதாகக் கேள்விப்பட்டு இருவரும் புறப்பட்டனர். வழியிலேயே தகப்பன் நோயுற்று இறந்தார். மகன் காலில் ஒரு புண் கண்டது. சிறிய கொப்புளம்தான், கவனிக்காமல் விட்டதால் புரையோடிவிட்டது. கமில்லுஸின் வாழ்க்கைக் கதையில் இந்தப் புண்ணை நாம் மறந்துவிடக் கூடாது. அவர் சாகும்வரை அது அவரோடு இருந்தது.

தகப்பனைப் புதைத்துவிட்டு அநாதையாய் நின்ற அந்த வேளையில், பெர்மோ என்னும் நகரில் இரண்டு பிரான்சிஸ்கன் துறவிகள் அடக்கமாய் நடந்து செல்வதைப் பார்த்தார். மனம் உருகிற்று. தாமும் துறவியாவதாக நேர்ந்துகொண்டார். அவர் மாமா ஒருவர் அந்தச் சபையில் மடத்துத் தலைவராயிருந்தார். அவரிடம் போய்க் கேட்டார். புண்ணோடு வந்தவனைச் சேர்க்க முடியாது என்று மாமா அனுப்பிவிட்டார். நேர்ச்சையும் சில நாளில் மறந்து போயிற்று. கப்பல் ஆடும்போது நேர்ந்துகொண்டு கரை கண்டதும் மறப்பவர்கள் உலகெங்கும் உண்டு. அந்த வரிசையில் கமில்லுஸும் ஒருவர்.

1571 இல் புண்ணுக்கு மருந்து தேடி உரோமையிலுள்ள சந்தியாகப்பர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தீராத நோயாளிகளுக்கென்றே ஏற்பட்ட ஆஸ்பத்திரி அது. செலவுக்குப் பணமில்லாததால், வைத்தியத்துக்கு ஈடாக நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் வேலைக்காரராகச் சேர்ந்துகொண்டார். அந்த வேலையை அவர் பார்த்த இலட்சணம் இதுதான்: சக வேலைக்காரரோடு ஓயாத சண்டை, கூப்பிடுகிற நோயாளியைக் கவனியாமல் வெளியே நழுவி, தீபர் நதித் துறையில் படகுக்காரரோடு சீட்டாட்டம். ஒன்பது மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனி இவன் உதவான் என்று ஆஸ்பத்திரியார் வெளியேற்றினார்கள். அவர்களை நாம் குறை சொல்ல முடியாது. சாகக் கிடப்பவன் தண்ணீர் கேட்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டியவன் ஆற்றங்கரையில் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தால் வேறு என்ன செய்வார்கள்?

பிறகு சில ஆண்டுகள் பட்டாளம். முதலில் வெனீஸ் படை, அப்புறம் ஸ்பெயின் படை. கூலி வாங்கிய அன்றே சூதில் போகும். 1574 இல் தூனிஸ் பக்கமிருந்து திரும்பும்போது கடலில் பெரும் புயல். மறுபடியும் பழைய நேர்ச்சை நினைவுக்கு வந்தது. கப்பல் நேப்பிள்ஸ் துறையைச் சேர்ந்ததும் மறுபடியும் மறந்தது. நேப்பிள்ஸ் தெருவிலே உட்கார்ந்து ஆடினார். வாள் போயிற்று. துப்பாக்கி போயிற்று. மருந்துக்குப்பிகள் போயின, மேலங்கி போயிற்று. கடைசியில் உடம்பிலிருந்த சட்டையையும் கழற்றி வைத்து ஆடித் தோற்றார். ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்த நடுவீதியில் இது நடந்தது. நம் ஆண்டவருடைய ஆடையைப் பகடை போட்டுப் பங்கிட்டவர்கள் போர்ச் சேவகர் என்பது நமக்கு நினைவிருக்கும். இங்கே ஒரு போர்ச் சேவகர் தம் ஆடையைத் தாமே பகடையில் இட்டார்.

வயது இருபத்து நான்கு. கந்தலைச் சுற்றிக்கொண்டு, தம்மைப் போன்ற ஒரு கூட்டாளியோடு ஊர் ஊராய்த் திரிந்து, கிழக்குக் கரையிலுள்ள மன்பிரெதோனியா என்னும் பட்டணத்துக்கு வந்தார். நவம்பர் 30, புனித பெலவேந்திரர் திருநாள். கோயில் வாசலில் நின்று, தொப்பியை நீட்டிப் பிச்சை கேட்டார். ஆளோ மலைபோல் இருக்கிறார், படைவீரர் குடும்பம், வெட்கத்தில் முகம் தொங்கியது. கோயிலுக்கு வந்த ஒரு கனவான், இவ்வளவு திடகாத்திரமான வாலிபன் பிச்சை எடுப்பதா என்று எண்ணி, கப்புச்சின் சபையார் கட்டிக்கொண்டிருந்த மடத்தில் கூலி வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். கூட்டாளி சிரித்தான். கமில்லுஸ் அவன் பேச்சைக் கேட்டு அவனோடு கிளம்பிவிட்டார். கொஞ்ச தூரம் போனபின் ஏதோ தோன்றி, அவனை விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தார். அவர் மனமாற்றத்தின் நாள் எது என்று கேட்டால் எல்லாரும் பெப்ரவரி 2 என்பார்கள்; அவரும் அப்படித்தான் கொண்டாடினார். நமக்கோ இந்தத் திரும்பி ஓடிய ஓட்டமும் பெரிதாகவே படுகிறது. அப்போது அவரிடம் பக்தி ஒன்றும் இல்லை. பசியும் குளிரும் வெட்கமும்தான் இருந்தன. அவையும் ஆண்டவர் கையில் கருவிகள்தாமே.

இரண்டு கழுதைகளை ஓட்டிக்கொண்டு கல்லும் சுண்ணாம்பும் தண்ணீரும் சுமப்பது வேலை. தெருப்பிள்ளைகள் கேலி செய்தார்கள். குளிர்காலம் கழிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு திரும்பவும் பட்டாளத்துக்குப் போய்விடலாம் என்பதே அவர் திட்டம். 1575 பெப்ரவரி முதல் தேதி, பக்கத்து மலையூரான சான் ஜோவான்னி ரொத்தொந்தோவிலுள்ள கப்புச்சின் மடத்துக்கு அவரை அனுப்பினார்கள். திராட்சை இரசம் வாங்கி வரவேண்டும். (ஐந்து காய வரம் பெற்ற பாத்ரே பியோ சுவாமியார் 1916 இல் வந்து சேர்ந்து, 1968 இல் இறக்கும்வரை வாழ்ந்தது இதே ஊரில்தான். அவர் வருவதற்கு மூன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே ஒரு சூதாடிக்கு விமோசனம் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது.) அன்று மாலை அந்த மடத்துத் தலைவர் ஆஞ்சலோ சுவாமியார் அவரைத் தனியே அழைத்துச் சற்று நேரம் பேசினார். கடவுளே எல்லாம், மற்றது ஒன்றுமில்லை. அழியாத ஆத்துமத்தைக் காப்பாற்றிக்கொள்வதே மனிதனுக்குள்ள வேலை என்ற பொருளில் பேச்சு. எந்த ஞாயிறு பிரசங்கத்திலும் நாம் கேட்கக்கூடிய விஷயந்தான். கமில்லுஸும் முன்பு கேட்டிருப்பார்.

மறுநாள் தேவமாதா சுத்திகரத் திருநாள். நாம் மெழுகுதிரி மந்திரித்து ஏந்தும் நாள். பூசை கண்டுவிட்டு, இரசத் தோற்பைகளை ஏற்றிய கழுதையோடு மலைப்பாதையில் திரும்பினார். தனிவழி; பேச்சுக்குத் துணையில்லை. பாதி வழியில், ஒருவரும் தூண்டாமல், திடீரென்று தம் வாழ்க்கை முழுவதும் தம் கண்முன் நின்றது. கீழே கல்லின் மேல் விழுந்து முழந்தாளிட்டு வாய்விட்டு அழுதார். இத்தனை காலம் ஆண்டவரை அறியாதிருந்தேனே என்று புலம்பினார். தவம் செய்ய நாள் கொடும் என்று மன்றாடினார். அந்த நாளுக்குப் பின் தாம் அறிந்து ஒரு சாவான பாவத்துக்கும் உட்படவில்லை என்பது அவருடைய சாட்சி.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் கேட்பதற்கு நன்றாயிருக்கும். அழுதார், மன்னிப்புப் பெற்றார், புனிதரானார் என்று முடித்துவிடலாம். பல சிறு புத்தகங்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் நடந்தது வேறு. ஆண்டவர் அவருடைய பாவத்தை மன்னித்தார். காலிலிருந்த புண்ணை எடுக்கவில்லை.

கப்புச்சின் சபையார் அவரை நவசந்நியாசியாக ஏற்றுக்கொண்டார்கள். நல்ல உள்ளத்தோடு கடினமான வேலையெல்லாம் செய்தார். ஆனால் முரட்டு அங்கியின் ஓரம் நடக்கும்போதெல்லாம் காலில் உராய்ந்து, மூடியிருந்த புண் மறுபடி திறந்துகொண்டது. குணமானால் வரலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனமாற்றம் அடைந்த அதே ஆண்டுக்குள், தாம் உயிராய்ப் பற்றியிருந்த ஒரே இடத்திலிருந்து வெளியே வந்தார். சூதாடி என்பதற்காக அவரைத் தள்ளியவர்கள் உண்டு. இப்போது திருந்தியவரையும் வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. இந்தச் சமயத்தில் பழைய வழிக்கே திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த மறுவாரமே எல்லாம் நேராகிவிடும் என்று எதிர்பார்த்து, ஆகாததைக் கண்டு மனம் விட்டுப் போனவர்களை நாம் அறிவோம்.

கமில்லுஸ் உரோமைக்கு நடந்தார். தொடக்கத்தில் நாம் கண்ட யூபிலி ஆண்டு இதுதான். சந்தியாகப்பர் ஆஸ்பத்திரியில் அவரை அறிந்தவர்கள் இருந்தார்கள். படகுத்துறைச் சீட்டாட்டமும், சண்டையும், வெளியேற்றமும் மறக்கிற விஷயங்களல்ல. ஆயினும் அவர்கள் அவரை உள்ளே விட்டார்கள். நோயாளியாகவும் வேலைக்காரராகவும் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். புனிதரின் சரித்திரத்தில் அந்த ஆஸ்பத்திரியாருக்கு ஒரு பெரிய பங்கு உண்டு என்பது நம் கருத்து. ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று சொல்வது எளிது. மன்னிக்கப்பட்டவனுக்கு ஒரு படுக்கையும் ஒரு வேலையும் யாராவது கொடுத்தாக வேண்டும்.

நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்தார். புண் ஆறியதுபோல் தெரிந்தது. அவருடைய ஆத்தும குருவாயிருந்தவர் புனித பிலிப் நேரி. போகவேண்டாம், அங்கி பட்டால் புண் திரும்ப வரும் என்று தடுத்தார். கமில்லுஸ் கேட்கவில்லை. நேர்ச்சை நிறைவேறியாக வேண்டும் என்று 1579 இல் மீண்டும் கப்புச்சின் மடம் சேர்ந்தார். மீண்டும் புண் திறந்தது, மீண்டும் அனுப்பப்பட்டார். பிரான்சிஸ்கன் சபையின் இன்னொரு பிரிவாரும் அவரை ஏற்கவில்லை. மறுபடியும் சந்தியாகப்பர் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை ஆஸ்பத்திரியார் அவரை வேலைக்காரராக அல்ல, வீட்டுக்காரியம் முழுவதையும் நடத்தும் மேற்பார்வையாளராகவே நியமித்தார்கள். சாவிக்கொத்தும் கணக்கும் பணப்பெட்டியும், சட்டையைக்கூடச் சூதில் விட்டவர் கையில் வந்தன.

அக்காலத்து ஆஸ்பத்திரிகள் இருந்த நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூலிக்கு வந்தவர்களே பணிவிடைக்காரர். வேறு பிழைப்புக் கிடைக்காதவர்களும் அவர்களுள் உண்டு. நாற்றத்துக்கு அஞ்சி நோயாளியின் அருகே போகமாட்டார்கள். படுக்கை மாற்றப்படாது, உணவு ஊட்டப்படாது. சாகிறவர்கள் குருவும் இல்லாமல் துணையும் இல்லாமல் சாவார்கள். உயிர் முற்றிலும் பிரியுமுன்பே பிணவறைக்குத் தூக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். இதையெல்லாம் கண்டு மற்ற நல்லவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கமில்லுஸுக்கோ அந்தக் கூலிக்காரர் ஒவ்வொருவர் முகத்திலும் தம் பழைய முகம் தெரிந்தது. 1571 இல் தாம் யாராக இருந்தாரோ அவர்களே இவர்கள். கூப்பிடும் குரல் காதில் விழாதபடி எப்படி நழுவுவது, எந்த ஜன்னல் வழியாக, எந்த நேரத்தில் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. எனவே இரவில் எதிர்பாராத வேளைகளில் வார்டுகளைச் சுற்றி வந்தார், காவல்முறைகளை ஏற்படுத்தினார். ஆனால் காவலால் அன்பு பிறக்காது என்பதையும் அவர் சொந்த அநுபவத்தில் அறிந்திருந்தார்.

1582 ஆம் ஆண்டு, தேவமாதா மோட்ச ஆரோபணத் திருநாளையொட்டி, ஓர் இரவில் அந்த எண்ணம் உதித்தது. கூலிக்கல்ல, ஆண்டவருக்காகவே நோயாளிக்கு ஊழியம் செய்கிறவர்கள் சிலரைச் சேர்த்தால் என்ன? நோயுற்ற ஒரே பிள்ளையைத் தாய் எப்படிக் கவனிப்பாளோ அப்படிக் கவனிக்கிறவர்கள். ஐந்து பேர் முன்வந்தனர். ஆஸ்பத்திரியில் ஒரு சிறு அறையைச் செபக்கூடமாக்கி, பாடுபட்ட சுரூபம் ஒன்றை வைத்து, கூடிச் செபித்தனர். இவர்கள் ஆஸ்பத்திரியையே கைப்பற்றப் பார்க்கிறார்கள் என்று மேலிடத்தில் சந்தேகம் எழுந்தது. செபக்கூடம் கலைக்கப்பட்டது, சுரூபம் கதவுக்குப் பின்னால் வீசப்பட்டது. கமில்லுஸ் அதை எடுத்துத் தம் அறைக்குக் கொண்டுபோய், அதன் முன் மனம் நொந்து செபித்தார். சிலுவையில் அறையுண்டிருந்த ஆண்டவர் தம் கைகளைக் கழற்றி அவர் பக்கம் நீட்டி, அஞ்சவேண்டாம் என்றும், இந்தக் காரியம் கமில்லுஸுடையதல்ல, தம்முடையதே என்றும் தேற்றியதாகச் சரித்திரம் கூறுகிறது.

குருவானால்தான் சாகிறவர்களுக்குத் தேவதிரவிய அநுமானங்களை வழங்க முடியும். ஆகவே முப்பத்திரண்டு வயதில், சேசு சபையாரின் உரோமைக் கல்லூரியில் இலத்தீன் படிக்கச் சேர்ந்தார். பக்கத்தில் சிறுவர்கள், நடுவே பனைமரம்போல் இவர். அவர்கள் சிரித்ததில் வியப்பில்லை. 1584 மே 26 ஆம் தேதி குருப்பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தவர் தாமஸ் கோல்டுவெல் ஆண்டகை. இங்கிலாந்தில் கத்தோலிக்க வேதம் தடைசெய்யப்பட்டபின் நாடிழந்து உரோமையில் வாழ்ந்த முதிய மேற்றிராணியார். நாடிழந்த ஒருவர் கையால் எல்லாம் இழந்த ஒருவருக்குப் பட்டம் கிடைத்தது.

அதன்பின் சந்தியாகப்பர் ஆஸ்பத்திரியை விட்டுத் தனியே தொடங்கினார். பிலிப் நேரி சுவாமியாருக்கு இது பிடிக்கவில்லை. நன்றாய் நடக்கும் வேலையை விட்டு, படிப்பும் அநுபவமும் போதாத ஆள் சபை தொடங்குவதா என்று எண்ணி, இனி உமக்கு ஆத்தும குருவாயிரேன் என்று விலகிக்கொண்டார். இரண்டு புனிதர்களுக்குள்ளேயும் இப்படி நேர்வதுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் பிலிப் நேரியே கமில்லுஸின் துணைவர்களை மெச்சி, அவர்கள் மரிப்பவர்களின் அருகே பேசும்போது சம்மனசுகள் காதில் சொல்லிக்கொடுக்கக் கண்டதாகக் கூறினார். மனத்தாங்கல் நீங்கியதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

1586 மார்ச் மாதத்தில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் புதிய கூட்டத்தை அங்கீகரித்தார். கறுப்பு அங்கியின் மார்பில் சிவப்புச் சிலுவை அணிய ஜூன் மாதத்தில் அநுமதி கொடுத்தார். புக்கியானிக்கோவில் ஒரு தாய் கண்டு பயந்த கனா முப்பத்தாறு ஆண்டு கழித்து இப்படிப் பலித்தது. 1863 இல் ஜெனீவாவில் தொடங்கிய செஞ்சிலுவைச் சங்கத்தின் சின்னம் வேறு வழியாக வந்தது, இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. எனினும் யுத்தகளத்தில் காயம்பட்டவர்களைச் சிவப்புச் சிலுவை தரித்தவர்கள் தூக்கி எடுத்தது அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது. 1595 இலும் 1601 இலும் ஹங்கேரிப் போர்முனைக்குக் கமில்லுஸ் தம் சபையாரை அனுப்பினார்.

1591 இல் பதினான்காம் கிரகோரி பாப்பரசர் கூட்டத்தைத் துறவற சபையாக உயர்த்தினார். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்றோடு இவர்களுக்கு நான்காவது வார்த்தைப்பாடும் உண்டு: கொள்ளைநோயானாலும், உயிருக்கே ஆபத்தானாலும் நோயாளியைக் கைவிடுவதில்லை. வெறும் வார்த்தையல்ல அது. நேப்பிள்ஸ் துறையில் கொள்ளைநோய் கண்ட கப்பல்கள் கரைசேரத் தடைசெய்யப்பட்டு நின்றபோது, இவருடைய ஆட்கள் அக்கப்பல்களுக்குப் போய் ஊழியம் செய்தனர். இருவர் அங்கேயே நோய் தொற்றி மாண்டனர். ஒருவர் மூச்சு நின்றுவிட்டதாகத் தோன்றினாலும் கால்மணி நேரம் செபத்தை நிறுத்தக்கூடாது, முகத்தை மூடக்கூடாது என்பது அவர் வகுத்த விதி.

1598 டிசம்பரில் தீபர் நதி பெருக்கெடுத்துப் பரிசுத்த ஆவி ஆஸ்பத்திரியில் வெள்ளம் புகுந்தது. புண் காலோடு தண்ணீரில் இறங்கி, இரவெல்லாம் நோயாளிகளை மேல்மாடிக்குச் சுமந்தார். ஒருகாலத்தில் எந்த நதிக்கரையில் நோயாளியை மறந்து உட்கார்ந்திருந்தாரோ, அந்த நதியின் வெள்ளம் அது.

நோயாளிகளை அவர் தம் எசமான்கள் என்றே அழைத்தார். ஆண்டவரே படுத்திருப்பதாக எண்ணி அவர்கள் முன் முழந்தாளிட்டு, தம் பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்பார். இதைச் சிலர் அதிகப்படி என்று நினைக்கக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீருக்குக் கூப்பிட்டும் தாம் போகாமல் விட்ட நோயாளிகள் 1571 இலேயே கல்லறைக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. உயிரோடு படுத்திருந்தவர்களிடம்தானே கேட்க முடியும்?

கால்புண் நாற்பத்தாறு ஆண்டு நீடித்தது. அதோடு குடலிறக்கம், பாதத்தில் காய்ப்புகள், மூத்திரக்கல், உணவில் வெறுப்பு என்று மேலும் நான்கு வியாதிகள் சேர்ந்தன. இந்த ஐந்தையும் ஆண்டவருடைய ஐந்து இரக்கங்கள் என்று பெயரிட்டு அழைத்தார். நிற்க முடியாத நாட்களிலும் ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் பிடித்துப் பிடித்து நகர்ந்து போவார்.

அவர் குறையே இல்லாதவர் என்று எண்ணவேண்டாம். முன்கோபமும் அவசரமும் முற்றிலும் விடவில்லை. எங்கு ஆஸ்பத்திரி அழைத்தாலும் ஆள் அனுப்பத் துடித்ததால் சபை கடனில் மூழ்கியது. துணைவர்களுக்குள் கருத்து வேற்றுமை வந்தது. 1607 இல் சபைத் தலைமையைத் தாமே விட்டுவிட்டார். தாம் தோற்றுவித்த சபையில் சாதாரணத் துறவியாய் ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பினார். தோல்வியைக் கண்டு ஓடாமல் இருக்க அவர் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தார்.

கடைசி நோயில், பாடுபட்ட ஆண்டவரின் படம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டு, அதை எதிரே மாட்டச் செய்தார். ஆண்டவருடைய திரு இரத்தம் அதில் நன்றாகத் தெரியவேண்டும் என்பது அவர் ஆசை. தமக்கு வேறு நம்பிக்கை இல்லை என்று சொன்னார். 1614 ஜூலை 14 ஆம் தேதி, கைகளைச் சிலுவைபோல் விரித்தபடி உயிர் விட்டார். வயது அறுபத்து நான்கு. பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் 1746 இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். பதின்மூன்றாம் சிங்கராயர் 1886 இல், இறைவனின் அருளப்பரோடு சேர்த்து, நோயாளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார். அந்த அருளப்பரும் இளமையில் வழிதவறித் திரிந்த படைவீரரே. பதினோராம் பத்திநாதர் 1930 இல் நர்சுகளுக்கும் இவர்களைப் பாதுகாவலராக்கினார்.

உரோமைக்குத் திருயாத்திரை போகிறவர்கள் பாந்தேயோன் கட்டடத்துக்கு அருகிலுள்ள மதலேன் மரியம்மாள் கோயிலைத் தவறாமல் காண வேண்டும். புனிதருடைய சரீரம் அங்கேதான் இருக்கிறது. அவர் மரித்த அறையும் ஒரு சிற்றாலயமாய் அங்கே உண்டு. ஆஸ்பத்திரியில் கதவுக்குப் பின்னால் வீசப்பட்ட அந்தப் பாடுபட்ட சுரூபத்தை அக்கோயிலின் பக்கப் பீடம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள்.